கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் 'கூட வரும்' வைரஸ்களும்: எங்கள் நிலைப்பாடு

மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை வீட்டுக் கூட்டங்களில் பெண்களோடு சுகாதாரம் பேசிவருகிற எங்களிடம் அண்மைக் காலமாக ஒரே கேள்வி வருகிறது: கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஒரு வைரஸால் மட்டும் வருகிறதா, பல வைரஸ்கள் சேர்ந்தா?

நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்நோய்க்கு வேர் எச்.பி.வி. வைரஸ். கூடவே இருக்கக்கூடிய மற்ற வைரஸ்களில், ஒரு பெண் எப்போது சோதனைக்குப் போக வேண்டும் என்பதையே மாற்றக்கூடியது எச்.ஐ.வி. ஒன்றுதான். மற்றவற்றைச் சாட்டாக வைத்து ஒரு பெண்ணைப் பயமுறுத்துவதையும், அவளுடைய நடத்தையை விசாரிப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை.

மருதமுனையில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு வீட்டில், நாலு பிள்ளைகளின் உம்மா ஒருவர் முந்தானையை விலக்கி உதட்டோரக் கொப்புளத்தைக் காட்டினார். "இது ஹேர்ப்பிஸ் எண்டு மகள் போன்ல பார்த்துச் சொன்னா. இதுவும் சேர்ந்தா கேன்சர் வருமா, மிஸ்?" உதட்டில் வருவது பெரும்பாலும் முதலாம் வகை ஹேர்ப்பிஸ். ஆய்வாளர்கள் ஒரு காலத்தில் சந்தேகித்தது இரண்டாம் வகையை. 1970களில் அதுதான் குற்றவாளி என்று பலர் நம்பியிருந்தார்கள். ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் புற்றுநோய்த் திசுக்களில் அதைத் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. மருக்களை உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தின் பக்கம் திரும்பினார். 1983இல் எச்.பி.வி. 16, அடுத்த ஆண்டு எச்.பி.வி. 18. உலகில் இந்நோயின் ஏறத்தாழ 70 வீதம் இவ்விரண்டு வகைகளாலேயே. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹேர்ப்பிஸ் மீதான சந்தேகம் அதோடு தீர்ந்துவிடவில்லை. எச்.பி.வி.க்குத் துணை நிற்கிறதோ என்று சில ஆய்வுகள் காட்டின. நோர்டிக் நாடுகளில், நோய் வருமுன்னரே எடுத்துவைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது அந்தத் தொடர்பு நிலைக்கவில்லை. எப்ஸ்டீன் பார் வைரஸும் சில கட்டிகளில் காணப்பட்டிருக்கிறது. ஆனால் கட்டிக்குள் காணப்படுவது வேறு, கட்டியை உண்டாக்குவது வேறு. ஆகவே 'எல்லா வைரஸையும் ஒரே தடவையில் பாருங்கள்' என்று விற்கப்படும் சோதனைப் பொதிகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்கிறோம்.

எச்.ஐ.வி.யின் கதை வேறு. எச்.பி.வி. தொற்றிய பெரும்பாலானோரின் உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் அதை அடக்கிவிடுகிறது. அடங்காமல் தங்கினால்தான் கலங்கள் மாறத் தொடங்கும். புற்றாக வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கு, குறிப்பாக மருந்தெடுக்காத எச்.ஐ.வி. இருப்பவருக்கு, 5 முதல் 10 ஆண்டுகளே போதும். எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்ணுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. அதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனம் அவர்களுக்கு 25 வயதிலிருந்தே சோதனை செய்யச் சொல்கிறது. இலங்கையில் எச்.ஐ.வி. மிகக் குறைவு. கர்ப்பிணிகளுக்கு இரத்தம் பார்ப்பது வழமையாகி, தாயிடமிருந்து பிள்ளைக்கு அது தொற்றுவதை ஒழித்ததாக 2019இல் நாடு சான்றும் பெற்றது. ஆனாலும் இங்கே ஒரு பெண்ணின் முடிவு வெளியே கசிந்தால் அவள் கிளினிக் பக்கமே திரும்பமாட்டாள். இரகசியம் காப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

ஊரில் பேசத் தயங்குகிற விடயம் ஒன்று. எச்.பி.வி. உடலுறவால் பரவுகிறது, உண்மை. ஆனால் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கக்கூடியது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. கணவர் கட்டாரில் இருக்கையில் முடிவு 'பொசிடிவ்' என்று வந்தால் அது மனைவிக்கு எதிரான சாட்சியல்ல, கணவருக்கு எதிரானதுமல்ல. விசாரணை நடத்தும் மாமிமாருக்கும் இதையே சொல்கிறோம்.

தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி 2017இலிருந்து இலவசமாகப் போடப்படுகிறது. 'சின்னப் பிள்ளைக்கு இது எதற்கு?' என்று கேட்கும் வாப்பாமாருக்கு: தொற்று வருமுன் போட்டால்தான் முழுப் பயன். மலேசியா 2010இலிருந்து பாடசாலைகளில் போடுகிறது. பங்களாதேஷ் 2023இல் தொடங்கியது.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடம் நாங்கள் கேட்பது பெரிதில்லை: சுகவனிதையர் கிளினிக் நாளில் பெண் உத்தியோகத்தர், உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவு, முடிவைப் பெயர் கூப்பிடாமல் கையில் கொடுக்கும் வழக்கம். பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் கேட்பது, கிளினிக் திகதியை ஜும்ஆவுக்குப் பின் ஒரு வரியில் அறிவிக்க வேண்டும் என்பது.

பெண்களுக்கு: சோதனை 35 வயதில் ஒருமுறை, 45இல் ஒருமுறை. வயது சரியாகத் தெரியாது என்கிற ராத்தாமார் அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள். புதிய அட்டையில் முதல் நான்கு இலக்கம், பழையதில் முதல் இரண்டு, நீங்கள் பிறந்த ஆண்டு. கணக்கை மிட்வைஃப் மிஸ் பார்த்துக்கொள்வார்.