புயலுக்குப் பின் யாருக்காகக் கட்டுகிறோம்?

புயல் ஏழை என்றும் பணக்காரன் என்றும் பார்ப்பதில்லை என்றொரு வாசகம் நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பிரசங்க மேடைகளிலும் அதைக் கேட்கிறோம். நிவாரணப் பொதி வழங்க வருகின்ற பிரமுகர்களின் வாயிலும் கேட்கிறோம். கேட்பதற்கு இனிமையான இவ்வாசகம் முழுப் பொய்யாகும். கிடுகு வேய்ந்த குடிசைக்கும் கொங்கிறீற்றுத் தளமிட்ட மாளிகைக்கும் உள்ள வேறுபாட்டைப் புயலைப்போல் துல்லியமாக அறிந்தவர் எவருமில்லர். வாவிக் கரையில் வலை உலர்த்தி வாழ்பவனுக்கும் மேட்டு நிலத்தில் மதில் எழுப்பி வாழ்பவனுக்கும் அது ஒரே தீர்ப்பை வழங்குவதில்லை.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியை எண்ணிப் பாருங்கள். 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்து இலட்சம் மக்கள் பாதிப்புற்றனர். ஏறத்தாழ 2,50,000 வீடுகள் முழுமையாகவோ பகுதியாகவோ அழிந்தன. மட்டக்களப்பு மாவட்டத்தின் 28,000 ஏக்கர் தென்னையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சாய்ந்தது. 11 நெற்களஞ்சியங்களுள் 9 பாழாயின. மீன்பிடிப் படகுகளில் ஐந்தில் ஒரு பங்கு தொலைந்தது. 240 பாடசாலைக் கட்டிடங்கள் சேதமடைந்தன. இக்கணக்கைப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விழுந்தவை கூலியாளின் கூரை, மீனவனின் தோணி, விவசாயியின் நெல், ஏழைப் பிள்ளையின் பள்ளிக்கூடம். தென்னம்பிள்ளை நட்டால் காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை தேங்காய் பறிப்பவனும், கிடுகு பின்னுபவளும், கயிறு திரிப்பவளும் எதை உண்டு வாழ்வது? புயல் ஓர் இரவில் ஓய்ந்துவிட்டது; வறுமை ஓயவில்லை.

அத்தகைய இரவுகளில் மக்கள் எங்கே ஓடுவர்? கல்லால் கட்டிய சுவர் எங்கே இருக்கிறதோ அங்கே ஓடுவர். நம் கரையோரக் கிராமங்களில் அத்தகைய சுவர் பெரும்பாலும் கோயிலுக்கும், தேவாலயத்துக்கும், பள்ளிவாசலுக்கும், ஞானஒடுக்கம் நடத்தும் தியான இல்லத்துக்கும், யாத்திரிகர் மடத்துக்குமே வாய்த்திருக்கிறது. ஆபத்து வேளையில் அக்கதவுகள் பலமுறை திறந்தன, உள்ளே கஞ்சி காய்ச்சப்பட்டது, மதம் கேட்கப்படவில்லை. இதனை மறுப்பவன் நன்றி கொன்றவன். நம் வழக்கு அந்த இரவைப் பற்றியதன்று. அதற்கு மறுநாள் காலையைப் பற்றியது.

மறுநாள் காலையில் என்ன நடக்கிறது? திருப்பணிக் குழு கூடுகிறது. நன்கொடைப் புத்தகம் அச்சாகிறது. பிரார்த்தனை மண்டபத்தின் கூரை, கோபுரத்தின் சுதை, முகப்பு வளைவு, சுற்றுமதில் என்று மதிப்பீடு எழுதப்படுகிறது. முன்னைவிட உயரமாக, முன்னைவிட அழகாக என்பதே இலட்சியமாகிறது. கஞ்சி காய்ச்சிய கொட்டிலைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஐந்நூறு பேருக்கு இரண்டு மலசலகூடங்களே இருந்தன என்பதையும், கிணற்றில் உப்பு நீர் கலந்ததையும், கர்ப்பிணிப் பெண் படுக்க இடமின்றித் திண்ணையில் கிடந்ததையும் எந்த மதிப்பீடும் கணக்கிலெடுப்பதில்லை. அடுத்த புயலும் வரும் என்ற சாதாரண உண்மை அத்திட்டத்தில் இடம் பெறுவதேயில்லை.

கல்லடிக் கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் ஆலயம் என்று ஒன்றுண்டு. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோர் தங்கிச் செல்லும் இடமாக 1984இல் அது எழுந்தது. நடந்து களைத்தவன் இளைப்பாறுவதற்கென்று கட்டிய இடம் என்பது அதன் பெருமை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபின் அதன் கோபுரம் ஆண்டுக்கணக்கில் சாய்ந்தபடி நின்றது. வந்தவர் போனவரெல்லாம் அதைப் படம் பிடித்தனர். விழாமல் நின்றதை அற்புதம் என்று கூற விரும்புவோர் கூறட்டும். ஆனால் ஆசிரியன் தன் மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் வேறு. கடற்கரை மணலில் இட்ட அத்திவாரத்தை அலை அசைத்தால் எந்தக் கோபுரமும் சாயும்; சாய்ந்த கோபுரத்தின் கீழ் எவரும் ஒதுங்க முடியாது. களைத்தவனுக்கு நிழல் தருவதற்கென எழுந்த இடம், அலைக்கு அஞ்சி ஓடி வருபவனுக்கும் நிழல் தரும் வகையில் அமைய வேண்டாமா?

"பக்தர்களின் பணம் இது. இதில் தலையிட உமக்கென்ன உரிமை?" என்று சிலர் சினப்பர். பக்தர் யார்? அறுவடை முடிந்ததும் ஒரு மரைக்கால் நெல் கொடுத்தவன், மீன் விற்ற காசில் பத்து ரூபாய் முடிந்து வைத்தவள், பாலைவன நாட்டில் வீட்டுவேலை செய்து அனுப்பியவள். அவர்களுடைய பணம் அவர்களுடைய உயிரைக் காக்க வேண்டும் என்று கேட்பது எப்படித் தலையீடாகும்? "தியானத்துக்கு அமைதி வேண்டும், அதனைச் சனக்கூட்டத்தின் தங்குமடமாக்கலாகாது" என்று இன்னொரு சாரார் கூறுவர். அவர்களுக்கு விடை கூற மட்டக்களப்பு மண்ணிலேயே ஒருவர் இருந்தார். காவியுடுத்த விபுலாநந்த அடிகள் தியானத்தைப் பழித்தவரல்லர். ஆயினும் அவர் கல்லடியில் எழுப்பியது சிவானந்த வித்தியாலயம் என்னும் பள்ளிக்கூடம். 1947இல் மறைந்த அவரது சமாதியும் அப்பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது. துறவிக்கு மக்கள் கூட்டம் இடையூறு அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எப்படிக் கட்டுவது என்பது தெய்வ இரகசியமன்று. காற்றின் வேகம் இருமடங்கானால் சுவரின்மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். பாடசாலை மாணவனும் அறியக்கூடிய கணக்கு இது. புயல் கூரையை அழுத்துவதோடு நிற்பதில்லை. அதை மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குகிறது. ஆகவே கூரை சுவரோடும், சுவர் அத்திவாரத்தோடும் இரும்பால் பிணைக்கப்பட வேண்டும். இருபுறச் சாய்வைவிட நாற்புறச் சாய்வுக் கூரையே நிலைக்கும். கடல் ஏறி வரும் இடத்தில் மண்டபம் தூண்களின்மேல் உயர்ந்து நிற்க வேண்டும். புயலின் கண் கடக்கும்போது காற்று அடங்கும். பின்னர் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். இதை அறியாதவன் இடையில் வெளியே வந்து மடிகிறான். முகப்பு வளைவுக்குச் செலவிடும் பணத்தில் நீர்த்தொட்டியும், மலசலகூடங்களும், பெண்களுக்குத் தனியறையும் அமைக்கலாம்.

எனினும், மத நிறுவனங்களை மட்டும் சாடிவிட்டு நாம் ஓய்ந்துவிட்டால் உண்மைக் குற்றவாளி நகைத்தபடி தப்பிவிடுவான். தியான இல்லம் புகலிடமாக வேண்டிய நிலை ஏன் வந்தது? அரசு தன் புகலிடத்தைக் கட்டாததால் வந்தது. தருமம் எங்கே பெருகுகிறதோ அங்கே பொறுப்பு நழுவுகிறது. 1970இல் அன்றைய கிழக்கு பாகிஸ்தானில் ஒரு புயல் குறைந்தது மூன்று இலட்சம் உயிர்களைக் குடித்தது. அதன் பின்னர் பிறந்த வங்காளதேசம் எச்சரிக்கைத் தொண்டர் அமைப்பையும் புயல் காப்பகங்களையும் கட்டியெழுப்பியது. ஒடிசாவில் 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தனர். 2013இல் பைலின் புயல் அதே கரையைத் தாக்கியபோது ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். இறந்தோர் தொகை ஐம்பதை எட்டவில்லை. கடல் கருணை கொண்டுவிட்டதா? இல்லை. மனிதர் திட்டமிட்டனர். ஆகவே, புயலில் எத்தனை பேர் சாவது என்பதை வானம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அரசியலும் தீர்மானிக்கிறது.

நம் நாட்டிலும் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கிலும் வடக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் எவரும் வீடு கட்டலாகாது என்றனர். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் போதும் என்றனர். ஒரே கடலுக்கு இரண்டு அளவுகோல்! பின்னர் அவ்விதி தளர்ந்தது. போர் முடிந்தபின் வாழைச்சேனைக்கு அருகே பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் வரிசையாகக் கடலைப் பார்த்தபடி எழுந்தன. மீனவனுக்கு ஆபத்தான கரை உல்லாசப் பயணிக்கு மட்டும் அழகான கரையானது எப்படி? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் மலைநாட்டு மண்சரிவுகளில் புதையுண்டவர். 1978க்கும் 2025க்கும் இடையே 47 ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து, படித்து, ஆசிரியராகக்கூடிய காலம். அக்காலத்தில் நாம் கற்ற பாடம் இவ்வளவுதானா?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! நாம் செய்யக்கூடியவை சிறியனவாயினும் செய்தே ஆகவேண்டியவை. உங்கள் கிராமத்தின் படத்தை வரையுங்கள். எந்த வீட்டார் எந்தக் கட்டிடத்துக்குச் செல்வது, அது எத்தனை பேரைத் தாங்கும், நடக்க இயலாத முதியவரை யார் தூக்கிச் செல்வது, கதவின் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். ஓட்டமாவடிப் பாலத்தின் இருபுறமும் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பட்டியலில் இடம் பெறட்டும். காற்றுக்கு இல்லாத பேதம் காப்பகத்துக்கும் வேண்டாம். திருப்பணிக் குழுவிடம் வரவுசெலவை ஊர்க்கூட்டத்தில் படிக்கும்படி கேளுங்கள். பிரதேச செயலகத்திடம் பொதுக் காப்பகம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.

மண்டபத்தைத் திரும்பக் கட்டுவதை நாம் எதிர்க்கவில்லை. கட்டட்டும், உறுதியாகக் கட்டட்டும். ஆனால் அடுத்த நவம்பரில் வானம் இருண்டு வரும்போது, குழந்தையை மார்போடணைத்து ஓடிவரும் ஒரு தாய்க்கு அதன் கதவு திறந்திருக்குமா, கூரை நிற்குமா, குடிக்க நீர் இருக்குமா என்பதே அக்கட்டிடத்துக்கு நாம் வைக்கும் பரீட்சை. அப்பரீட்சையில் தேறாத கோபுரம் எவ்வளவு உயர்ந்து நின்றாலும் அது நமக்குரியதன்று.