ஊர் அறிவோம்: குளத்துக்குக் கீழே சுசீந்திரம்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் சுசீந்திரம் வந்ததும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். சாலையை ஒட்டிக் கிடக்கும் பெரிய குளத்தையும், பனிக்காலமாக இருந்தால் அதில் மிதக்கிற பறவைகளையும் பார்ப்பார்கள். குளத்துக் கரைக்குக் கீழே விரிந்திருக்கும் வயல்கள் கண்ணில் படுவது குறைவு. கோயிலும் குளமும் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கின்றன, உண்மைதான். ஊருக்குச் சோறு போட்டது அந்த வயல். இந்தப் பக்கத்தில் பேச வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

சுசீந்திரம் இருப்பது நாஞ்சில் நாட்டில். நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரைத் தாங்கிய நிலப்பகுதி என்பதே விவசாயிக்குப் பெருமைதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு பழைய வட்டங்களும் சேர்ந்தது நாஞ்சில் நாடு. சுசீந்திரம் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில், பழையாற்றின் கரையில் அமைந்த பேரூராட்சி. இதற்கு வடக்கே மலை, தெற்கே கடல். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மிகக் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த மழை ஓடி ஓய்வதற்குள் மணக்குடிக் காயலில் கலந்துவிடும். அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் ஓடுகிற தண்ணீரை வழியெல்லாம் நிறுத்தி வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த ஆற்றுத் தண்ணீர்

தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நல்ல பங்கு வாங்குகிற மாவட்டம் கன்னியாகுமரி. அப்படியிருந்தும் பழையாறு சிறிய ஆறுதான். அது மட்டும் இருந்திருந்தால் இத்தனை வயல் விளைந்திருக்காது. பக்கத்து ஆறான பரளியாற்றில் பாண்டியன் அணை கட்டி, அந்தத் தண்ணீரைப் பழையாற்றுப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பாண்டிய மன்னன் கட்டியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஓர் ஆற்றின் தண்ணீரை இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோகும் வேலையை இயந்திரம் இல்லாத காலத்திலேயே இங்கே செய்து முடித்திருக்கிறார்கள்.

அதற்குப் பின் வந்தது பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் என்ற ஆங்கிலேயர். கோதையாற்றுத் தண்ணீர் இந்த அணையில் தேங்குகிறது. பிறகு 1953-இல் பெருஞ்சாணி அணை பரளியாற்றில் வந்தது. பேச்சிப்பாறையின் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. மழைக்காலத்தில் காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் நாஞ்சில் நாட்டு விவசாயி முதலில் தேடுவது இந்த இரண்டு எண்களைத்தான்.

அணையிலிருந்து வரும் கால்வாயை இந்தப் பக்கத்தில் 'சானல்' என்பார்கள். தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் புத்தனார் சானல் என்று பிரிந்து பிரிந்து வரும் தண்ணீர் குளங்களை நிரப்புகிறது. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. பழையாற்றிலும் வழிநெடுகத் தடுப்பணைகள் உண்டு. கோதையாறு பாசனத் திட்டத்தின் கணக்கில் உள்ள ஆயக்கட்டு ஏறத்தாழ 79,000 ஏக்கர். இதில் நெல்லை மாவட்டத்து ராதாபுரம் பகுதியும் அடங்கும். சுசீந்திரமும் அதற்குத் தெற்கே உள்ள ஊர்களும் இந்தப் பின்னலின் கடைசிப் பக்கம். சானலில் மேலே ஒரு உடைப்பு விழுந்தாலும், தூர் வாராமல் விட்டாலும், முதலில் காய்வது இந்தக் கடைமடை வயல்கள்தான்.

இரண்டு பூ

மற்ற மாவட்டங்களில் குறுவை, சம்பா, தாளடி என்கிறார்கள். இங்கே போகத்தைப் 'பூ' என்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு. இந்தப் பெயர்கள் மலையாள மாதக் கணக்கில் வந்தவை. கன்னி மாதம் என்பது நம் புரட்டாசி, கும்பம் என்பது மாசி. அறுக்கிற மாதத்தின் பெயரைப் பயிருக்கு வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 1-ஆம் தேதி அணை திறப்பது வழக்கம். பிப்ரவரி 28-ஆம் தேதி அடைப்பார்கள். கன்னிப்பூவுக்கு அணைத் தண்ணீரை எதிர்பார்க்காமல், கோடை மழையை நம்பிச் சித்திரையிலேயே புழுதியில் பொடி விதைப்பாக விதைத்துவிடுகிறவர்கள் உண்டு. குளத்தில் தண்ணீர் மிச்சம் இருக்கும் இடங்களில் தொளி கலக்கி நடுவார்கள். கன்னிப்பூவின் தொல்லை அறுவடையில்தான். ஆவணி, புரட்டாசியில் கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பயிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும். வைக்கோலும் போய்விடும். கும்பப்பூவின் தொல்லை நேர் எதிரானது. நட்ட இளம்பயிரை ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் மூழ்கடிக்கும். அதைத் தாண்டி வந்தால் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் தட்டுப்படும். பிப்ரவரி கடைசியில் அணையை அடைக்காதீர்கள், இன்னும் சில நாள் விடுங்கள் என்று கேட்டு மனு கொடுப்பவர்கள் பெரும்பாலும் கடைமடைக்காரர்களாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ரகத்தில் அம்பை 16-க்கு இங்கே பழைய மதிப்பு இருக்கிறது. குட்டையான, பருத்த அரிசி. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் கேரளத்துக்காரர்களுக்கும் அந்தச் சோறுதான் நாக்குக்குப் பிடிக்கும். சுசீந்திரத்திலிருந்து சிறிது தூரத்தில் உள்ள திருப்பதிசாரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருப்பதிசாரம் 3, திருப்பதிசாரம் 5 என்று கடையில் வாங்கும் விதை நெல் பிறந்த இடம் அதுதான். 'டி.பி.எஸ்.' என்ற மூன்று எழுத்தை மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்கள் வெளி மாவட்டங்களில் நிறைய உண்டு. அது ஒரு ஊரின் பெயர்.

கோயிலும் தெருவும்

தாணுமாலயன் கோயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தாணு சிவன், மால் திருமால், அயன் பிரம்மா. மூவரும் ஒரே மூர்த்தியாக இருக்கும் கோயில். கோபுரம் 134 அடி, ஆஞ்சநேயர் 18 அடி, தட்டினால் இசை எழுப்பும் கல்தூண்கள். மார்கழித் தேரோட்டத்துக்கு மாவட்டமே திரளும். நவராத்திரி வரும்போது இங்குள்ள முன்னுதித்த நங்கை அம்மன் திருவனந்தபுரத்துக்குப் பல்லக்கில் புறப்பட்டுப் போவது இன்றும் நடக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்தப் பகுதி தமிழகத்தோடு இணைந்தது. அம்மனின் பயணம் மட்டும் எல்லையைக் கண்டுகொள்ளவில்லை.

கோயில் கல்வெட்டுகளில் நிலக்கொடைகள் நிறைய உண்டு. கோயில் என்றால் நிலம், நிலம் என்றால் அதில் உழைத்தவர்கள். அந்த உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் ஒரு நூற்றாண்டுக்கு முன்புவரை கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கக்கூட முடியாது. நாற்று நட்டு, அறுத்து, சுமந்து வந்து கொடுத்த நெல் கோயிலுக்குள் போகும். கொண்டு வந்தவர் தெரு முனையில் நிற்க வேண்டும். வைக்கம் போராட்டத்தைத் தொடர்ந்து 1926-இல் சுசீந்திரத்திலும் சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம்.இ.நாயுடு முன்னின்றார். 1930-இல் மறுபடியும் போராட்டம். 1936 நவம்பர் 12-ஆம் தேதி திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பிறகே கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தது. தேர் பார்க்கப் போகிறவர்கள் கோபுரத்தின் உயரத்தோடு இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நிலம் தொடர்பாக இன்னொரு பழைய வழக்கும் இங்கே இருந்தது. பக்கத்து ஊரான தேரூரில் 1876-இல் பிறந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அவர் எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' பலருக்குத் தெரிந்திருக்கும். நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் ஒருவர் பாடுபட்ட நிலம் அவருடைய மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பங்கு கிடைத்தால் உண்டு. கணவன் இறந்த மறுநாளே மனைவியும் பிள்ளைகளும் நடுத்தெருவுக்கு வந்த வீடுகள் இருந்தன. அந்த அவலத்தைத்தான் கவிமணி சிரிக்கச் சிரிக்க எழுதினார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் கொண்டுவந்து மக்கள் வழிக்கு மாற்றியது. நியாயம் கிடைத்தது. கூடவே, ஒரே சொத்தாகக் கிடந்த குடும்ப நிலம் தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து சிறு துண்டுகளாகவும் ஆனது. இன்று இங்கே வயல் வைத்திருப்பவர்களில் பலரிடம் இருப்பது ஒரு ஏக்கருக்கும் குறைவு.

கரைக்கு அந்தப் பக்கம் காப்பு

சுசீந்திரம் குளமும் தேரூர் குளமும் பறவைகளுக்குப் பெயர் போனவை. கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், நீலத்தாழைக்கோழி எல்லாம் இங்கே சாதாரணம். பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் இறங்கும். சுசீந்திரம் – தேரூர் – மணக்குடிப் பகுதியை 2015-இல் அரசு காப்பகமாக அறிவித்தது. 2022-இல் 'சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகம்' ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ராம்சர் என்பது ஈரான் நாட்டில் உள்ள ஒரு கடற்கரை ஊர். 1971-இல் அங்கே கையெழுத்தான உலக ஒப்பந்தம்தான் சதுப்பு நிலங்களையும் குளங்களையும் காப்பதற்கானது. நம் குளத்தில் அந்தப் பட்டியலில் சேர்ந்த பரப்பு 94.23 ஹெக்டேர், ஏறத்தாழ 233 ஏக்கர்.

நல்ல செய்திதான். ஆனால் குளத்தை வெட்டியவர்கள் பறவைக்காக வெட்டவில்லை, வயலுக்காக வெட்டினார்கள். வயலுக்குத் தண்ணீர் தேவை என்பதால்தான் சானல் தூர் வாரப்பட்டது, கரை கட்டப்பட்டது, மடை பழுது பார்க்கப்பட்டது. குளத்தில் தூங்கும் நாரையும் கொக்கும் பகலில் இரை தேடுவது பெரும்பாலும் நெல் வயலில். ஆயக்கட்டு வயல் இல்லாமல் போனால் மடையைத் திறக்கச் சொல்லிக் கேட்க ஆள் இருக்காது. வரத்துக் காலைத் தூர் வாரச் சொல்லி மனு கொடுக்கவும் ஆள் இருக்காது. ஆகாயத்தாமரை மூடிய குளமும், நாகர்கோவில் நகரத்துக் கழிவுநீர் கலக்கும் பழையாறும் எப்படி இருக்கும் என்பதை இப்போதே பார்க்கலாம்.

வயல் குறைந்துகொண்டுதான் வருகிறது. நெல் போட்ட இடத்தில் முதலில் வாழை வரும், பிறகு தென்னை, பிறகு எல்லைக்கல். மண்ணைக் கொட்டி மேடாக்கினால் அடுத்த வயலுக்கு வாய்க்கால் அடைபடும். அவரும் விற்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் நிற்பார். 'இத்தனை மரக்கால் விதைப்பாடு' என்று வயலைச் சொன்ன ஊரில் இப்போது செண்டுக் கணக்கில்தான் பேச்சு. விற்கிறவரைக் குறை சொல்வது எளிது. நடவுக்கு ஆள் கிடைக்காமல், கிடைத்தாலும் கூலி கட்டாமல், ஒரு பூ நெல்லில் கையில் நிற்பது என்ன என்பது அவருக்குத் தெரியும். பத்து செண்டு விற்றால் ஒரு மகளின் கல்யாணம் முடியும். நான்குவழிச் சாலைக்காகக் குளத்திலும் வயலிலும் மண் விழுந்தபோது விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். துண்டு துண்டாக விற்கப்படும் வயலுக்காகப் போராட்டம் நடப்பதில்லை.

களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் நெல் வயலையும் ஈர நிலத்தையும் காக்க 2008-இல் போட்ட சட்டம் இருக்கிறது. வயலை மூட வேண்டுமானால் ஊர் அளவிலான கண்காணிப்புக் குழு பார்க்கும், அதில் விவசாயிகளுக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கு மட்டும். அதுவும் ஹைட்ரோகார்பன் போன்ற திட்டங்களைத் தடுப்பதற்கானது, வீட்டுமனையைத் தடுப்பதற்கு அல்ல. நஞ்சையை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற விதி நம்மிடமும் உண்டு. பக்கத்து வயலில் மண் விழும்போது, அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்கும் உரிமை ஆயக்கட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. வாய்க்கால் அடைபட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமும் நீர்வளத் துறையிலும் உடனே மனு கொடுக்கலாம். மண் விழுந்த அன்றே எழுதிக் கொடுத்த மனுவுக்குக் கட்டடம் எழுந்த பிறகு கொடுப்பதைவிட மதிப்பு அதிகம்.

ஊரைப் பார்க்க விரும்புகிறவர்கள் தை கடைசி அல்லது மாசியில் வரலாம். கும்பப்பூ அறுவடை நடக்கும். குளத்தில் பறவை இருக்கும், அறுத்த வயலில் வாத்துக் கூட்டம் மேயும். முதல் நாள் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் விதை பற்றிக் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலை சுசீந்திரம் வந்தால் தேரூர் வழியாக மணக்குடிக் காயல்வரை ஒரே நாளில் பார்த்துவிடலாம். குளத்துக் கரையிலிருந்து சாலைப் பக்கம் பார்க்காமல் மறுபக்கம் பாருங்கள். வயல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.