கடன் வாங்காதவர் யார் என்று யாருக்கும் தெரியாது

வர்ஜீனியாவில் இருந்த எங்கள் வீட்டை விற்கிற நேரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் தஞ்சாவூரில் அம்மாவுக்குத் துணையாக இருந்தோம். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஆன்லைனிலேயே முடித்துவிடலாம் என்றார்கள். அமெரிக்காவில் இதற்கு முதலில் சட்டம் போட்ட மாநிலமே வர்ஜீனியாதான். 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நோட்டரி அந்த மாநிலத்துக்குள் இருக்க வேண்டும், கையெழுத்துப் போடுகிறவர் எங்கிருந்தாலும் சரி.

இரவு ஒன்பது மணி. அங்கே காலை பதினொன்றரை. ஓட்டுநர் உரிமத்தை முன்னும் பின்னும் படம்பிடித்து அனுப்பினேன். அது போலியா என்று மென்பொருள் பார்த்துக்கொண்டது. பிறகு என் கடன், முகவரிப் பதிவுகளிலிருந்து எடுத்த ஐந்து கேள்விகள், இரண்டு நிமிடம், குறைந்தது நான்கு சரியாக இருக்க வேண்டும். கார் கடன் எந்த வங்கியில், இவற்றில் எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள் என்கிற மாதிரி. தேறிவிட்டேன். வீடியோவில் வந்த நோட்டரி அம்மாள், அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா, யாரும் வற்புறுத்துகிறார்களா என்று கேட்ட நேரம் பார்த்து அம்மா பால் டம்ளரோடு நுழைந்தார். அதுவும் பதிவில் இருக்கிறது. குறைந்தது 5 ஆண்டு அதைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். முத்திரை விழுந்தபின் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்தக் கோப்பே காட்டிக்கொடுத்துவிடும். கோர்ட்டு வாசலில் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீல் குத்துவதைப் பார்த்தவள் நான். கேமராவே மேல்.

அடுத்து வீட்டுக்காரர். அவருக்குக் கேள்வியே வரவில்லை. வீட்டுக்கடன், கார், கிரெடிட் கார்டு எல்லாம் என் பெயரில். பத்திரத்தில் மட்டும்தான் இருவர் பெயரும். கடனே வாங்காதவரிடம் எதைக் கேட்பது? உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் 50 டாலர் கட்டி, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

என் சண்டை அந்தக் கேள்விகளோடுதான். 2017இல் ஈக்விஃபேக்ஸ் என்கிற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோயின. பெயர், பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம். அவற்றைக் கையில் வைத்திருப்பவன் என் பழைய தெருப் பெயரை என்னைவிட வேகமாகச் சொல்வான். புதிதாகக் குடியேறியவரும், கடன்படாமல் காலம் தள்ளியவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். முன்பே ஒருமுறை நேரில் சரிபார்க்கப்பட்ட அடையாளத்தை ஏற்க வர்ஜீனியா சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைப் பெயரளவில் வைத்திராமல் எல்லோருக்கும் எட்டுகிற வழியாக்க வேண்டும்.

திரும்பிப் போனதும் வீட்டுக்காரர் முதல் வேலையாக ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார். காபிக்கு மட்டும் அதைத் தேய்க்கிறார்.