பச்சைக் கணக்கு

சென்ற வாரம் எட்டாம் வகுப்பில் நெய்வேலிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 1956-இல் கம்பெனி ஏற்பட்டதையும், 1957-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததையும், 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டதையும் வரிசையாக ஒப்பித்துக்கொண்டு போகையில், பின் வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான்.

"நிலக்கரியை எடுத்த பிறகு அந்தப் பள்ளத்தை என்ன சார் செய்வார்கள்?"

பல்லாவரத்துப் பையன். அவன் வீட்டுக்கு அருகே கல்லுடைத்த பள்ளம் ஒன்று நீர் தேங்கி நிற்கிறது. பள்ளம் என்பது அவனுக்குப் புத்தகச் சமாசாரம் அல்ல. புத்தகத்திலோ விடை இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று உபாத்தியாயர்களின் பழைய உபாயத்தைக் கையாண்டு தப்பினேன்.

நெய்வேலியில் ஒரு டன் நிலக்கரி வேண்டுமானால் ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்றியாக வேண்டும். ராட்சதச் சக்கர யந்திரங்கள் வாரியெடுக்கும் அந்த மண், ஓடும் பட்டைகளில் ஏறிச் சென்று, நிலக்கரி எடுத்து முடிந்த பக்கத்தில் கொட்டப்படுகிறது. பள்ளம் முன்னே நகர, பின்னே மண்மேடு வளர்ந்துகொண்டே வருகிறது. சங்கடம் என்னவென்றால், யுகயுகமாக வெயில் காணாமல் ஆழத்தில் கிடந்த மண் மேலே வந்து அமர்ந்துவிடுகிறது. அதில் மக்கு இல்லை; தழைச்சத்து இல்லை; மண்புழு இல்லை. ஒரு பெருமழை பெய்தால் சரிவெல்லாம் வாய்க்கால் வாய்க்காலாகக் கீறிக்கொள்ளும். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துத் திரும்பப் பரப்புவது உத்தமம். ஆனால் நெடுநாள் குவித்து வைத்தால் அந்த மண்ணின் உயிரும் குன்றிப் போகும். தொழு உரமும் தக்கைப்பூண்டும் சணப்பும் இட்டுப் பக்குவப்படுத்தி, இப்படிக் கொட்டிய மண்ணில் நெல் விளைவித்தும் காட்டியிருக்கிறார்கள். மெச்சத் தக்க காரியந்தான்.

ஆனால் மண் மீண்டுவிட்டது என்று யார் சொல்வது, எப்போது சொல்வது?

வட தேசத்து நிலக்கரிச் சுரங்கங்களை ராஞ்சியிலுள்ள மத்திய சுரங்கத் திட்ட நிறுவனம், 2008-ஆம் ஆண்டு முதற்கொண்டு செயற்கைக்கோள் படங்களால் கண்காணித்து வருகிறது. ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டருக்கு மேல் தோண்டும் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு வருஷா வருஷம் படம். சிறியவற்றுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பும். அந்த விகிதத்தைக் கணக்கிட்டு, எவ்வளவு ஏக்கர் பச்சை என்று சொல்லிவிடலாம். அபாரமான வித்தை! ஆயினும் வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குச் சீமைக் கருவேலும் பச்சை, முந்திரியும் பச்சை.

அமெரிக்கர்கள் 1977-இல் இயற்றிய சட்டத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைசியாக விதைத்து, உரமிட்டு, நீர் வார்த்த நாளிலிருந்து ஐந்து வருஷம் வரை சுரங்கக்காரன் பொறுப்பு. 26 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ மழை பெய்யும் பிரதேசமானால் பத்து வருஷம். அதாவது, தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்த பிற்பாடுதான் பரீட்சையே ஆரம்பம். நம் சர்க்காரும் 2009-இல், சுரங்கத்தை மூடும் செலவுக்காகக் கம்பெனிகள் முன்பணம் கட்டி வைக்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. பரீட்சை நெடுநாள் நீள வேண்டுமென்பதற்கு ஜெர்மனியின் நாக்டர்ஷ்டெட் கிராமம் சாட்சி. அங்கே பழைய பழுப்பு நிலக்கரிப் பள்ளத்தில் நீர் நிரப்பி ஏரியாக்கிக்கொண்டிருந்தார்கள். சுரங்கம் மூடி ஏறக்குறைய இருபது வருஷம் ஆன பின்பு, 2009 ஜூலையில், கரை சரிந்து வீடுகளை ஏரிக்குள் இழுத்தது. மூவர் மாண்டனர்.

நம் வீட்டு விளக்கில் நெய்வேலியின் பங்கு உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலிலே யந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னமே எடுக்கப்பட்டது என்றது கம்பெனி. பயிர் எங்கள் உழைப்பு என்றார்கள் குடியானவர்கள். அந்த வயல்களுக்கு ஈடாக ஒரு நாள் காட்டப்போகும் பச்சை எத்தகையது என்று கேட்க, விளக்கேற்றுகிற நமக்கெல்லாம் கடமை உண்டு என்பது என் அபிப்பிராயம்.

மறுநாள் வகுப்பைப் பள்ளிக்கூடத்துப் பின்புறம் அழைத்துப் போனேன். புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண் அங்கே மேடாகக் கிடக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் விழா நடத்தி, போட்டோவும் எடுத்து, இருபது கன்றுகள் நட்டோம். கோடை விடுமுறையில் நீர் வார்ப்பார் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் மேடு முழுதும் பச்சைதான். கயிற்றால் மீட்டருக்கு மீட்டர் சதுரம் கட்டி, பிள்ளைகளை எண்ணச் சொன்னேன். பார்த்தீனியம், நெருஞ்சி, சீமைக் கருவேல். நட்ட இருபதில் உயிரோடிருந்தவை மூன்று.

பல்லாவரத்துப் பையன் மட்டும் சதுரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சார், இங்கே இரண்டு வேப்பங்கன்று இருக்கிறது. நாம் நட்ட இடம் இது இல்லையே?"

காக்கை போட்ட வித்தாக இருக்கும் என்றேன். நோட்டில் அதைத் தனிப் பத்தியாக எழுதிக்கொண்டான்.