காலிக் கட்டமும் பூஜ்யமும்

ஓய்வு பெற்றவர்களில் பலர் இப்போது எக்செல் பழகிக்கொண்டோம். வீட்டுச் செலவு, மின்கட்டணம், காலைச் சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், குடியிருப்போர் சங்கத்து வரவு செலவு என்று எதையாவது கட்டம் கட்டமாக எழுதி வைக்கிறோம். பிறகு இரண்டு இடத்தில் தட்டினால் ஏறி இறங்கும் கோட்டுப் படம் ஒன்று வந்துவிடுகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்கும் அது வசதியாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு சில இடங்களில் பொய் சொல்கிறது. நாம் எழுதிய எண்ணில் பொய் இல்லை. எழுதாமல் விட்ட கட்டத்தில்தான் பொய் நுழைகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளக்காத நாளுக்குக் கோடு போடக் கூடாது. அந்த இடத்தில் கோடு அறுந்து நிற்கட்டும். பார்ப்பவர், "இங்கே என்ன ஆயிற்று?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்வி எழாமல் செய்கிற எந்தப் படமும், எவ்வளவு அழகாக இருந்தாலும், நல்ல படம் அல்ல.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர்களுக்கு இது புதுப் பாடம் அல்ல. கீழ் அலுவலகங்களிலிருந்து மாதா மாதம் அறிக்கை வர வேண்டும். சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் 'நில்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். 'நில்' வந்துவிட்டால் தொகுப்பில் பூஜ்யம் எழுதுவோம். அறிக்கையே வரவில்லை என்றால் பூஜ்யம் எழுத மாட்டோம். நினைவூட்டுக் கடிதம் போடுவோம். அதற்கும் பதில் இல்லை என்றால், 'அறிக்கை வரப்பெறவில்லை' என்று அந்தப் பத்தியில் எழுதி மேலே அனுப்புவோம். பூஜ்யமும் காலியும் ஒன்றல்ல என்பதைப் புதிதாக வேலைக்கு வந்த பையன் கூட ஒரே வாரத்தில் தெரிந்துகொள்வான்.

என்னைப் போல் பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு 'நெயான்' என்ற சொல் நினைவிருக்கும். 'ஒன்றுமில்லை' என்று பொருள். பிரெஞ்சுப் படிவங்களில் தெரிவிக்க ஏதும் இல்லாத கட்டத்தில் அதை எழுதுவார்கள். நெயான் என்று எழுதியவர் கேள்வியைப் படித்து, யோசித்து, பதில் சொன்னவர். காலியாக விட்டவர் படித்தாரா, மறந்தாரா, மறைத்தாரா, நமக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைப் போட்டால் பதில் சொன்னவருடைய வார்த்தைக்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

நம் பென்ஷனே இதற்கு நல்ல உதாரணம். நவம்பர் மாதம் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் பென்ஷனை நிறுத்திவைக்கிறார்கள். அதற்காக ஆள் இறந்துவிட்டார் என்று எழுதிக்கொள்வதில்லை. இரண்டு மாதம் கழித்து நேரில் போய் நின்றாலோ, ஜீவன் பிரமாண் வழியாக விரல் ரேகை வைத்தாலோ, நிலுவையோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். சான்று வராத கட்டம் அவர்களுக்கு ஒரு கேள்விக்குறி. மரணச் செய்தி அல்ல.

இந்தப் பழைய அலுவலக அறிவு கம்ப்யூட்டருக்குத் தானாக வராது. நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். காலிக் கட்டத்தை என்ன செய்வது என்று எக்செல் நம்மிடம் மூன்று வழி வைத்திருக்கிறது. ஒன்று, இடைவெளி விடுவது. இரண்டு, பூஜ்யமாக எடுத்துக்கொள்வது. மூன்று, முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளை நேர்கோட்டால் இணைப்பது. கோட்டுப் படத்துக்கு எக்செல் வழக்கமாக இடைவெளியைத்தான் வைக்கிறது. ஆனால் யாரோ செய்து கொடுத்த தாளில் அதை மாற்றி வைத்திருக்கலாம். அப்படி இருந்தால் நமக்கு அது தெரிவதே இல்லை.

பூஜ்யம் செய்யும் கெடுதல் கண்ணுக்குத் தெரியும். காலைச் சர்க்கரை 120, 130, ஒரு நாள் அளக்கவில்லை, பிறகு 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியாக விட்டால் எக்செல் சராசரி போடும்போது அந்த நாளைச் சேர்க்காது. மூன்று நாள் சராசரி 120 என்று சரியாகச் சொல்லும். அங்கே 0 என்று எழுதிவிட்டால் நான்கால் வகுத்து 90 என்று சொல்லும். 90 என்பதைப் பார்த்துவிட்டு ஒருவர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டால்? படத்திலோ கோடு தரையில் போய் இடித்துவிட்டு மேலே ஏறும். சர்க்கரை 0 ஆன மனிதன் உயிரோடு இருக்க முடியாது என்பதால் பார்த்தவுடன் தவறு என்று புரிந்துவிடும். ஒரு வகையில் இது நல்ல பொய், சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது.

எனக்குப் பயம் மூன்றாவது வழியில்தான். இணைக்கும் கோடு பிடிபடுவதே இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, பாரீசில் இருக்கும் மகன் ஒரு தாள் தயார் செய்து கொடுத்திருந்தான். அப்பா தினமும் காலையில் சர்க்கரை அளவை அதில் எழுத வேண்டும். மகன் அங்கிருந்தே படத்தைப் பார்த்துக்கொள்வான். ஒரு முறை அவர் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டார். சாப்பாடு இல்லை, மாத்திரையும் ஒழுங்காக இல்லை, அளக்கவும் இல்லை. ஐந்தாம் நாள் எழுந்து அளந்து எழுதினார். படம் அந்த நான்கு நாளையும் ஒரே நேர்கோட்டால் இணைத்துவிட்டது. "அப்பா, இந்த வாரம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று மகன் போனில் சொன்னானாம். பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவன் பார்த்த படத்தில் காய்ச்சலே இல்லை.

இதிலிருந்து ஒன்று கவனியுங்கள். அளக்காத நாள் சும்மா வந்த நாள் அல்ல. பெரும்பாலும் அன்று ஏதோ நடந்திருக்கும். உடம்பு சரியாக இருக்கிற அன்று அளக்கிறோம். சரியில்லாத அன்றுதான் விட்டுவிடுகிறோம். அதனால் காலிக் கட்டம் பல நேரம் தாளிலேயே முக்கியமான கட்டமாக இருக்கிறது.

மழைக் கணக்கும் அப்படித்தான். மழைமானியில் காலை 8.30 மணிக்கு அளவெடுத்து, முந்தைய 24 மணி நேரத்து மழையாக எழுதுவார்கள். மழை இல்லை என்றால் 0 என்று எழுதுவார்கள். அது நம் 'நில்' மாதிரி, ஆள் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில். ஆனால் அளவெடுக்கிறவர் போகவே முடியாத நாள் எது? தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் நாள்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது நம் ஊரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்று அளந்தார்கள், அதனால் தெரிந்தது. அளக்க முடியாமல் போயிருந்து, முந்தைய நாளையும் அடுத்த நாளையும் ஒரு கோட்டால் இணைத்திருந்தால், நம் வீட்டுக்குள் வந்த வெள்ளம் படத்தில் வந்திருக்காது. பத்து வருடம் கழித்து ஒரு பொறியாளர் அந்தப் படத்தைப் பார்த்து வாய்க்கால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று முடிவு செய்தால் என்ன ஆகும்?

இன்னும் பெரிய காலிக் கட்டம் ஒன்று நம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. 1881 முதல் நம் நாட்டில் பத்து ஆண்டுக்கு ஒரு முறை மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடந்து வந்தது. உலகப் போர் நடந்த 1941-இல் கூடச் சுருக்கமாகவாவது எடுத்தார்கள். 2021-இல் எடுக்கவில்லை. கொரோனா காரணமாகத் தள்ளிப்போனது பிறகும் தள்ளிக்கொண்டே போய், இப்போது 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள்.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் எண்களை எழுதிப் பாருங்கள். 1961-இல் 3,69,079. 1971-இல் 4,71,707. 1981-இல் 6,04,471. 1991-இல் 8,07,785. 2001-இல் 9,74,345. 2011-இல் 12,47,953. அடுத்த கட்டம், 2021, காலி. அதைப் பூஜ்யமாக்கினால் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கும் ஒரே இரவில் ஆளில்லாத ஊராகிவிடும், பார்ப்பவர் சிரிப்பார். 2027 எண் வந்த பிறகு 2011-லிருந்து அதற்கு ஒரு நேர்கோடு இழுத்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி கோடு அமைதியாக ஏறும். கொரோனாவில் போனவர்கள், வேலை இழந்து ஊர் திரும்பியவர்கள், புதிதாக வந்து குடியேறியவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டுக்கு அடியில் மறைந்துவிடுவார்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை பேருக்கு உரிமை என்பதை 2011 கணக்கை வைத்துத்தான் நிர்ணயித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பெருகிய மக்கள் அந்த எண்ணிக்கையில் இல்லை. ஒரு காலிக் கட்டத்தின் விலை இது. அதைக் கோடு போட்டு மூடினால், விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் மறந்துபோகும்.

"அப்படியானால் விட்டுப்போன எண்ணை மதிப்பிடவே கூடாதா?" என்று கேட்பீர்கள். மதிப்பிடலாம். 1981-இல் அசாமிலும் 1991-இல் ஜம்மு காஷ்மீரிலும் கணக்கெடுப்பு நடக்கவில்லை. நாட்டின் மொத்தத் தொகை வேண்டுமே என்று அந்த மாநிலங்களுக்கு மதிப்பீடு செய்து சேர்த்தார்கள். ஆனால் அட்டவணையின் அடியில் அது மதிப்பீடு என்று குறிப்பும் எழுதினார்கள். அதுதான் நாணயம். சிக்கல் என்னவென்றால், அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்துப் படம் வரைகிறவர் அடிக்குறிப்பைக் கூடவே எடுத்துப் போவதில்லை. படத்தில் அளந்த எண்ணுக்கும் ஊகித்த எண்ணுக்கும் ஒரே நிறம், ஒரே கனம்.

எங்கள் பள்ளியில் மில்லிமீட்டர் கட்டத் தாளில் கோடு வரையச் சொல்லிக் கொடுத்தபோது இதற்கு ஒரு எளிய வழி இருந்தது. அளந்த பகுதிக்கு முழுக்கோடு. ஊகித்த பகுதிக்குப் 'புவாந்தியே', அதாவது புள்ளிக்கோடு. அந்த வழக்கம் இன்றைக்கும் போதும். உயரம், எடை போல மெதுவாக மாறுகிற விஷயம் என்றால் நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனாலும் இணைக்கலாம். ஆனால் புள்ளிக்கோட்டால் இணையுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், மழை போல நாளுக்கு நாள் தாவுகிற விஷயம் என்றால் இணைக்காதீர்கள்.

இனி செய்முறை. எக்செல்லில் படத்தின் மேல் வலது பொத்தானைத் தட்டி 'செலக்ட் டேட்டா' என்பதைத் திறங்கள். கீழே இடது பக்கம் 'ஹிடன் அண்ட் எம்ட்டி செல்ஸ்' என்று இருக்கும். அதற்குள் மூன்று வழியும் தெரியும். 'கேப்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் படத்தில் உள்ள கோட்டை இரண்டு முறை தட்டினால் 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் இதே மூன்று வழி இருக்கும். அங்கே 'லீவ் கேப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபார்முலா போட்ட கட்டத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். எண் இல்லாதபோது ஒன்றும் காட்டாதே என்று ஃபார்முலாவில் வெறும் மேற்கோள் குறிகளைப் போட்டு வைப்பார்கள். கட்டம் நம் கண்ணுக்குக் காலிதான். ஆனால் எக்செல் அதை எழுத்து என்று எடுத்துக்கொண்டு படத்தில் பூஜ்யமாக வரைந்துவிடும். அதற்குப் பதில் 'என்.ஏ.' என்ற ஃபங்ஷனைப் போடச் சொல்லுங்கள். புதிய எக்செல்லில் மேலே சொன்ன அதே இடத்தில், என்.ஏ.வைக் காலியாகக் காட்டு என்று ஒரு டிக் இருக்கும். அது இருந்தால் இடைவெளி விழும். பழைய எக்செல்லில் கோடு இணைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளக்காத நாளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். தேதியை எழுதி, எண் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்துக் கட்டத்தில் காரணத்தை எழுதுங்கள். 'காய்ச்சல்', 'ஊரில் இல்லை', 'ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது', எதுவானாலும் ஒரு வார்த்தை போதும். அந்தத் தேதியையே எழுதாமல் விட்டால், அங்கே ஒரு நாள் இருந்தது என்பதே படத்துக்குத் தெரியாது. எந்த அமைப்பை மாற்றினாலும் இடைவெளி விழாது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கோடு அறுந்த படத்தையே கொண்டுபோங்கள். நல்ல டாக்டராக இருந்தால் அறுந்த இடத்தில் விரலை வைத்துத்தான் முதல் கேள்வியைக் கேட்பார்.