ஆபரேஷன் சக்சஸ்... அப்புறம்?

'ஆபரேஷன் சக்சஸ்... பேஷண்ட் அவுட்!' டாக்டர் ஜோக்குகளிலேயே தாத்தா வயசு ஜோக் இது. சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால், அதற்குள் ஒரு நிஜம் பதுங்கியிருக்கிறது சார்!

மூட்டு, குடல், கர்ப்பப்பை... கத்தி எங்கே வைத்தாலும் சிரமப்படுவது இதயமும்தான். ரத்தம் போகிறது, பிரஷர் இறங்குகிறது, ரத்தம் சட்டென்று உறையப் பார்க்கிறது. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதானே சினிமா வழக்கம்? இங்கே அது நடப்பது அபூர்வம். தையல் வலிக்காமலிருக்கப் போட்ட மருந்தே நெஞ்சுவலியையும் அமுக்கிவிடும். சாத்துக்குடியோடு பார்க்க வந்தவர்கள், "பாவம், அசந்து தூங்கறார்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போவார்கள்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக டாக்டர் டெவெரோவும் சகாக்களும், இதயம் தவிர்த்த மற்ற ஆபரேஷன்கள் செய்துகொண்ட 15,000-க்கும் மேற்பட்டவர்களைக் கண்காணித்தார்கள். எல்லோரும் 45 வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். 2014-ல் வந்த முடிவு: நூற்றுக்கு 8 பேருக்கு இதயத்தில் பாதிப்பு. அந்த எட்டுப் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒரு அறிகுறியும் இல்லை! பாதிப்பு இருந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் 30 நாளுக்குள் இறந்துபோனார்கள். இல்லாதவர்களில் ஒருவர்தான்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம், பேரேட்டைப் புரட்டாமல் நஷ்டம் தெரியாது என்பதுதான். இதயத்தின் பேரேடு, ட்ரோபோனின். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற புரதம். ரிஸ்க் அதிகமுள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் இரண்டு, மூன்று நாள் தினமும் இதைப் பார்க்கச் சொல்லி 2017-லேயே கனடா இதயநோய் சங்கம் எழுதிவிட்டது. ஐரோப்பிய சங்கம் 2022-ல், 'ஆபரேஷனுக்கு முன்னாலும் ஒரு தடவை பாருங்கள்' என்றது. ஏற்கெனவே உயர்ந்திருந்ததா, இப்போதுதான் உயர்ந்ததா என்று தெரிய வேண்டாமா? ஆரம்ப இருப்பு இல்லாமல் ஏது கணக்கு!

கண்டுபிடித்தால் ஆஸ்பிரின், ஸ்டாடின் என்று வழி இருக்கிறது. 2018-ல் வந்த ஒரு ஆராய்ச்சியில், டாபிகாட்ரான் மாத்திரை பெரிய ரத்தநாளச் சிக்கல்களை நூற்றுக்கு 15-லிருந்து 11-ஆகக் குறைத்தது. ஆனால் புதுத் தையலோடு ரத்தத்தை இளக்குவது விளையாட்டல்ல, டாக்டர்தான் முடிவெடுக்கணும்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரியவர்கள் யாருக்காவது பெரிய ஆபரேஷன் என்றால், "எத்தனை தையல்?" என்பதோடு, "ட்ரோபோனின் பார்ப்பீங்களா டாக்டர்?" என்றும் கேட்டு வையுங்கள். பழைய ஜோக், ஜோக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும்!