வீடியோவை யார் பார்க்க வேண்டும்?

சிறு குழந்தைகளை ஓடியாட வைப்பது எப்படி என்று யூடியூபில் தேடினால் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. நாம் செய்வதெல்லாம் போனைச் சுவரில் சாய்த்து, குழந்தையை அதன் முன்னால் நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுவதுதான். இந்த வீடியோக்களைப் பார்க்க வேண்டியது குழந்தையல்ல, பெற்றோர்தான் என்பேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்திருக்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும். இது நாள் முழுக்கப் பரவிக் கிடக்க வேண்டிய அசைவு. பத்து நிமிட வீடியோக்களை அடுக்கி இதை எட்ட முடியாது.

அதே வழிகாட்டுதல் உட்கார்ந்தபடி திரை பார்ப்பதைத்தான் ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது, ஆடிக்கொண்டே பார்ப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் பாட்டுக்குக் குதிக்கும் குழந்தை இரண்டாவதற்கு வாய் பிளந்து நிற்கும், மூன்றாவதற்கு உட்கார்ந்துவிடும். அதற்குள் அடுத்த கார்ட்டூன் தானாகவே ஓடத் தொடங்கியிருக்கும். தவிர, ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகள் திரையில் பார்ப்பதைவிட எதிரில் இருப்பவர் செய்வதைப் பார்த்துத்தான் நன்றாகக் கற்கிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். அப்படியானால் 2020 மார்ச் முதல் பிரிட்டனின் உடற்பயிற்சியாளர் ஜோ விக்ஸ் ஊரடங்கில் முடங்கிய பள்ளிப் பிள்ளைகளுக்காக யூடியூபில் வார நாட்களில் உடற்பயிற்சி வகுப்பு நடத்தினாரே, அது பலன் தரவில்லையா? தந்தது. அங்கே பல வீடுகளில் பெற்றோரும் கூடவே குதித்தார்கள். அதைத்தான் நான் கேட்கிறேன்.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் நேரம் எங்கே என்பது இன்னும் கனமான கேள்வி. சமையல் முடியும்வரை போனைக் கொடுக்கும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் குழந்தை தூங்கிய பிறகு ஐந்து நிமிடம் ஒரு வீடியோவைப் பார்த்து ஒரே ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டால் அது ஒரு வாரத்துக்கு வரும். கூடத்துத் தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடலாம். பழைய துணியைப் பந்தாகச் சுருட்டி வாளிக்குள் எறியச் சொல்லலாம். சமைக்கும் நேரத்திலேயே வெங்காயக் கூடையை அடுத்த அறையில் வைத்து, ஒவ்வொன்றாக ஓடி எடுத்து வரச் சொல்லலாம். இதற்குத் தனி நேரமோ பெரிய வீடோ வேண்டாம். வீடியோ தயாரிப்பவர்களும் குழந்தையைத் திரையோடு கட்டிப்போடும் அரைமணி நேரத் தொகுப்புகளை விட்டு, பெற்றோரிடம் பேசும் இரண்டு நிமிட வீடியோக்களைத் தமிழில் தர வேண்டும்.